தெளிந்த தண்ணீரும் தெரியாத விஷமும்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் கூடிய கூட்டத்தில், ஓய்வு பெற்ற ரசாயனப் பரிசோதகர் ஒருவர் செய்த சொற்பொழிவு)



இன்று காலை நான் போளூரிலிருந்து மலை ஏறி வருகிற வழியில், ஒரு ஊற்றண்டை இறங்கித் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். அங்கே குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஒரு செம்பு மொண்டு கொடுத்து, "பயப்படாம குடிங்க அய்யா, எங்க மலைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார்கள். நானும் குடித்தேன். நல்ல ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்கள் தண்ணீர்ப் பரிசோதனையிலேயே காலம் கழித்தவராயிற்றே, இந்தத் தண்ணீர் நல்லதுதானா?" என்று கேட்டிருந்தால், நான் யோக்கியமாய்ச் சொல்லக்கூடிய பதில் "எனக்குத் தெரியாது" என்பதுதான். கண்ணாடி மாதிரி இருப்பது கண்ணுக்குத் தெரியும். ருசியாயிருப்பது நாக்குக்குத் தெரியும். நல்லதா என்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற சங்கதியல்ல. அதைப்பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று இருக்கிறேன்.

தோழர்களே! தண்ணீரைச் சோதிப்பது நம் தேசத்துக்குப் புதிய காரியமென்று நினைத்துவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாய் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையிலே கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "இதை யார் தொட்டது?" என்பதே அது. தொட்டவன் இன்னான் என்றால் கிணறே கெட்டுப்போயிற்று. இன்னார் தொட்டால் சாக்கடையும் தீர்த்தமாயிற்று. நான் 30 வருஷத்துக்கு மேல் பரிசோதனைச்சாலையில் வேலை பார்த்தவன். எத்தனையோ கருவிகளில் எத்தனையோ ஆயிரம் பாட்டில் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் தொட்டதால் அவன் ஜாதி தண்ணீரில் கரைந்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு நாளாவது எந்தக் கருவியிலும் அகப்பட்டதில்லை. இல்லாத அழுக்கைத் தேடுவதில் இவ்வளவு கெட்டிக்காரர்களாயிருந்த நாம், உண்மையிலேயே கரைந்து நிற்கிற விஷத்தைப்பற்றி மட்டும் "ஓடுகிற தண்ணீருக்குத் தோஷமில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

நிற்க, நான் சொல்லப்போகிற விஷங்கள், கல்லிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கிற தொழிலில் உபயோகமாகிறவையும், அந்தத் தொழிலில் உண்டாகிறவையுமான ரசாயனங்கள். "இந்த மலையிலே தங்கச் சுரங்கமுமில்லை, குரோம் ஆலையுமில்லை; சாமையும் புளியும் தேனும் விளைகிற இடத்தில் வந்து இதை ஏன் பேசுகிறாய்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த மலையில் பெய்கிற மழை ஒரு பக்கம் பாலாற்றுக்கும் மற்றொரு பக்கம் செய்யாற்றுக்கும் இறங்கிப் போகிறது. பாலாற்றங்கரை ஊர்களுக்கு உங்கள் பிள்ளைகள் கூலிக்குப் போகிறார்கள். உங்கள் பெண்களை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே பாலாற்று வட்டாரத்தில் நடந்த இரண்டு காரியங்களை முதலில் சொல்லுகிறேன். பிறகு இந்த மலைக்கு வருகிறேன்.

முதலாவது கோலார் தங்கவயல். அங்கே 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தொடங்கியதிலிருந்து, பூமிக்குள் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கிக் கல்லை உடைத்தவர்களில் பெரும்பாலோர் நம்முடைய வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஊரில் குடிக்கக் கிணறு மறுக்கப்பட்டவர்கள். ஒரு டன் கல்லில் இருப்பது சில கிராம் தங்கந்தான். அதைப் பிரிப்பதற்குக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி, காற்று ஊதுவார்கள். தங்கம் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். இந்த வித்தையை 1887-ல் ஸ்காட்லாந்து தேசத்தில் மக்ஆர்தர், பாரஸ்ட் என்பவர்கள் கண்டுபிடித்தார்கள். தங்கம் சீமைக்குப் போயிற்று. மாவாய் அரைத்த கல் எங்கே போயிற்று? அங்கேயே மலைமலையாய்க் குவிந்தது. 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். மூடியபோது அங்கே நின்ற குவியல் 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் வீட்டுக்குள்ளே தூள். மழை பெய்தால் ஓடையிலே சேறு.

சயனைடைப்பற்றி ஒரு சங்கதியை நேர்மையாய்ச் சொல்லவேண்டும். அது வெய்யிலும் காற்றும் பட்டால் நாளடைவில் சிதைந்து போகக்கூடியது. ஆகையால் பழைய குவியலெல்லாம் இன்றும் சயனைடுதான் என்று கூவுவதும் மூடநம்பிக்கைதான். "இத்தனை வருஷமாயிற்று, ஒன்றும் இராது" என்பதும் மூடநம்பிக்கைதான். ஏனெனில் இரும்போடு சேர்ந்துகொண்ட சயனைடு லேசில் போகாது. அன்றியும் கல்லிலே இருந்த கந்தகம் மழையிலும் காற்றிலும் திராவகமாகி மற்ற உலோகங்களைக் கரைத்துவிடும். இருக்கிறதா இல்லையா, எவ்வளவு என்பதைச் சோதித்தவனே சொல்லவேண்டும். 2000-ம் வருஷம் ஜனவரி 30-ல் ருமேனியா தேசத்தில் பாயா மாரே என்ற ஊரில் ஒரு தங்க ஆலையின் கழிவுநீர்க் குட்டை உடைந்து, சுமார் 1 லட்சம் கன மீட்டர் சயனைடுத் தண்ணீர் ஆற்றில் போய்விட்டது. ஹங்கேரி தேசத்துக்குள்ளே டிஸ்ஸா நதியில் மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. ஆனால் கீழே இருந்த ஊர்க்காரர்கள் நாள்தோறும் ஆற்றுநீரைச் சோதித்து, விஷம் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கணக்கிட்டு, அது கடந்து போகும்வரை ஆற்றில் குடிநீர் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் நதிக்குப் பூஜை போடவில்லை.

இரண்டாவது ராணிப்பேட்டை. இது இங்கிருந்து கூப்பிடு தூரமென்றே சொல்லலாம். தோல் பதனிடுவதற்குப் பச்சை நிறமான குரோம் உப்பு வேண்டும் என்பது வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த உப்பு மண்ணிலிருந்து அப்படியே கிடைப்பதல்ல. குரோமைட் என்ற கறுப்புக் கல்லை அரைத்து, சோடா உப்புச் சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டு இறக்கினால் மஞ்சளாய் ஒரு சரக்கு வரும். அதிலிருந்துதான் தோலுக்கான உப்புச் செய்யவேண்டும். இந்தத் தொழிலை ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடிவிட்டது. ஆலை போயிற்று. ஆனால் வறுத்து இறக்கிய சக்கை 1½ லட்சம் டன்னுக்குக் குறையாமல் அங்கேயே திறந்தவெளியில் கிடந்தது. வருஷா வருஷம் மழை அதன்மேல் பெய்தது, பூமிக்குள்ளே இறங்கிற்று. அக்கம்பக்கத்து நிலத்தடி நீரில் குடிநீருக்கு வைத்த அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் குரோம் இருப்பதைப் பரிசோதகர்கள் அளந்து எழுதினார்கள். 2006-ல் நியூயார்க்கிலிருக்கும் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்திலேயே மிகவும் கெட்டுப்போன 10 இடங்கள் என்று ஒரு ஜாபிதா வெளியிட்டபோது, அதிலே நம்முடைய ராணிப்பேட்டையும் ஒன்று.

குரோமில் இரண்டு ஜாதி என்று வேடிக்கையாய்ச் சொல்வேன். பிறப்பினாலல்ல, குணத்தினால். தோலில் ஏறுகிற பச்சைக் குரோம் அவ்வளவு கெடுதியல்ல. மஞ்சள் குரோம், அதாவது ரசாயனக்காரர்கள் ஆறு இணைதிறன் குரோம் என்கிறார்களே, அதுதான் கொடியது. அந்த ஆலைத் தொழிலில் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகிவிடும் என்பது உலகம் முழுதும் வைத்தியர்கள் கண்டெழுதியது. நுரையீரலில் புற்றுநோயும் வரும். இந்த ஒன்று மற்றொன்றாய் மாறவும் கூடும். ஆகையால் தண்ணீரில் "குரோம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தக் குரோம் என்று கேட்கவேண்டும்.

இந்த இடத்தில் என் சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பல வருஷங்களுக்கு முன், ஒரு தொழிற்பேட்டை ஓரத்துக் கிராமத்திலிருந்து நாலைந்து பேர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, மாடு இந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுகிறது, சோதித்துச் சொல்லுங்கள்" என்றார்கள். எங்களிடம் அச்சடித்த பாரம் ஒன்று இருந்தது. அதிலே உப்பு, கடினம், குளோரைடு, இரும்பு, புளோரைடு, நைட்ரேட் இப்படிப் பத்துப் பன்னிரண்டு இனம். எல்லாம் அளவுக்குள் இருந்தன. "குடிக்கத் தகுந்தது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பிறகு அவர்கள் வாயை அடைத்தார்களாம். இரண்டு வருஷம் கழித்து வேறொரு வேலையாய் அந்த ஊர்ப் பக்கம் போனவன், மனம் கேளாமல் அதே அடிபம்பில் தண்ணீர் பிடித்து வந்து, குரோமுக்கான மருந்தை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாயிற்று. நான் பொய் எழுதவில்லை தோழர்களே, பாரத்தில் இருந்ததெல்லாம் நிஜம். பாரத்தில் கேட்காத கேள்விக்கு நான் பதில் தேடவில்லை. அந்த இரண்டு வருஷமும் குழந்தைகள் அதைத்தான் குடித்தன. அந்தக் கையெழுத்துத்தான் என்னை இந்தமாதிரி ஊர் ஊராய்ப் பேச வைத்திருக்கிறது.

அந்த மருந்தின் பெயர் டைபினைல்கார்பசைடு. வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. தண்ணீரில் கொஞ்சம் திராவகம் சேர்த்து இதை விட்டால், மஞ்சள் குரோம் இருக்குமானால் சிவப்புக் கலந்த ஊதா நிறம் காட்டும். எவ்வளவு நிறமோ அவ்வளவு குரோம். கண்ணால் மட்டிட்டால் ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்காக, அந்தத் தண்ணீரின் வழியே 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை வெளிச்சத்தை விட்டு, எவ்வளவு வெளிச்சம் விழுங்கப்பட்டது என்று கருவியைக்கொண்டு அளக்கிறோம். இதே மலையில் காவலூரில் வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறதல்லவா? 1986-ல் திறந்த 2.34 மீட்டர் கண்ணாடிவைத்த தூரதிருஷ்டிக் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டென்று உலகத்துக்குச் சொன்னவர்களில் அந்தக் காவலூர்க்காரர்களும் உண்டு. ஒரு நட்சத்திரத்தில் என்ன உலோகம் இருக்கிறதென்று எப்படிச் சொல்லுகிறார்கள்? யாரும் நட்சத்திரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அதன் வெளிச்சத்தைப் பிரித்து, எந்த நிறம் குறைந்திருக்கிறதென்று பார்த்துச் சொல்லுகிறார்கள். ஈயம், குரோம் முதலிய உலோகங்களைத் தண்ணீரில் அளக்கிற கருவியும் ஏறக்குறைய அதே யுக்திதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தக் கருவி மொத்தக் குரோமைச் சொல்லுமேயன்றி, பச்சையா மஞ்சளா என்று சொல்லாது.

சயனைடுக்கு இன்னும் கஷ்டம். முதலில் அதைக் காய்ச்சி வடித்துப் பிரித்து, சோடாக்காரத்தில் பிடித்து, பிறகுதான் நிறம் வரவழைக்கவேண்டும். வாதுமை வாசனையடிக்கும், மோந்து பார்த்தால் தெரியும் என்று சொல்லுவதை நம்பாதீர்கள். அந்த வாசனையே தெரியாத மூக்கோடு பிறந்தவர்கள் அனேகர். குடிதண்ணீரின் எல்லை அளவில் யார் மூக்குக்கும் தெரியாது.

அந்த எல்லை எவ்வளவு? நம் தேசத்துக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 என்பது. சயனைடும் சரி, மொத்தக் குரோமும் சரி, ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது அது. ஒரு அரிசிமணி சுமார் 20 மில்லிகிராம் எடை. அந்த அரிசிமணி எடையுள்ள குரோமை 400 லிட்டர், அதாவது இரண்டு பெரிய பீப்பாய்த் தண்ணீரில் கரைத்தால் எல்லையைத் தொட்டுவிட்டது. அப்பொழுது தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். மஞ்சளாய்க் கண்ணுக்குத் தெரிகிற நாளில் எல்லையை எத்தனையோ மடங்கு தாண்டியாயிற்று. காய்ச்சிக் குடிக்கலாமே என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், குரோம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற விஷம் கெட்டிப்படும்.

இன்னொரு புரட்டையும் காட்டுகிறேன். பரிசோதனைக் காகிதத்தில் "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருக்கும். நம்மவர்கள் அதை "இல்லை" என்று படித்துக்கொள்ளுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. பழைய இரும்புக்கடைத் தராசில் ஒரு குன்றிமணித் தங்கத்தை வைத்தால் முள் அசையாது. அதனால் தங்கமில்லை என்றாகிவிடுமா? லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்கமுடியாத முறையைக்கொண்டு சோதித்துவிட்டு, 0.05 எல்லையுள்ள விஷம் "கண்டறியப்படவில்லை" என்று எழுதினால் அந்தக் காகிதம் கடலை மடிக்கத்தான் உதவும். "உங்கள் முறை எந்த அளவுக்குக் கீழே பார்க்காது?" என்று கேளுங்கள். படிக்காதவனுங்கூடக் கேட்கலாம். பதில் சொல்லுவது அவர்கள் கடமை.

தவிர, தண்ணீரை எடுப்பதிலே பாதிப் பரிசோதனை இருக்கிறது. சர்பத் பாட்டிலிலும் மண்ணெண்ணெய் டின்னிலும் கொண்டுவந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சர்பத்துக்கான பரிசோதனையாகத்தான் முடியும். அடிபம்பானால் ஐந்து நிமிஷமாவது அடித்துவிட்டுப் பிறகு பிடிக்கவேண்டும். ஒரே பாட்டில் எல்லாவற்றுக்கும் உதவாது. மொத்த உலோகத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் திராவகம் சில சொட்டு இருக்கவேண்டும். சயனைடுக்கானதில் திராவகமே கூடாது, சோடாக்காரம் வேண்டும், வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும். மஞ்சள் குரோமுக்கானதில் ஒன்றுமே சேர்க்காமல் ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிடவேண்டும். இந்த மருந்துகளை நீங்கள் தொடவேண்டாம். பரிசோதனைச்சாலையே பாட்டிலைத் தயார் செய்து கொடுக்கவேண்டும், அதைக் கேட்டு வாங்கவேண்டும். மருந்து போட்ட பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள். தேதி, மணி, இடம், எடுத்தவர் பெயர் எழுதாமல் அனுப்பாதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வாரியத்துக்கு ஜில்லா தோறும் பரிசோதனைச்சாலை உண்டு. யார் வேண்டுமானாலும் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் கிராமத்துக்குக் கொண்டுவருகிற சிறு பெட்டிச் சோதனையில் இந்த விஷங்கள் அடங்கா. பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். "தண்ணீரைச் சோதியுங்கள்" என்பது கேள்வியே அல்ல. என் கையெழுத்தின் கதை அதுதானே?

இப்பொழுது உங்கள் மலைக்கு வருகிறேன். இங்கே ஆலையில்லாத இந்தக் காலந்தான் சோதிப்பதற்கு நல்ல காலம் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்றால், எந்த ஊரில் தண்ணீர் கெட்டாலும் ஆலைக்காரன் சொல்லுகிற முதல் பதில், "இது பூமியிலேயே இயற்கையாய் உள்ளது" என்பதாகும். சில இடங்களில் அது நிஜமாகவும் இருக்கக்கூடும். பாறையிலேயே குரோம் உள்ள இடங்கள் உண்டு. முன்னால் எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்த காகிதமில்லாதவன், அந்தப் பதிலுக்கு எதிரே வாய் திறக்கமுடியாது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புக்கல் வெட்டுவதற்கு இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களில் ஏற்பாடு நடந்ததும், சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றதும் உங்களுக்குத் தெரியும். நாளைக்கு எந்த மலையின்மேல் எவன் கண் விழும் என்று சொல்லமுடியாது. இன்றைக்கு உங்கள் ஊற்றுகளில் என்ன இருக்கிறதென்று கோடைக்கொருமுறை, மழைக்கொருமுறை அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பள்ளிக்கூடத்தில் ஒன்றும் பஞ்சாயத்தில் ஒன்றுமாய் வைத்துவிடுங்கள். நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கிறோம். தண்ணீருக்கு அதுதான் பட்டா.

ஒன்று மட்டும் ஏமாறாதீர்கள். நாமாக எடுத்த தண்ணீரின் காகிதத்தைக்கொண்டு ஆலைக்காரனைக் கோர்ட்டில் தண்டித்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். 1974-ம் வருஷத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, ஆலைக் கழிவைச் சர்க்கார் வாரியத்தார் நோட்டீஸ் கொடுத்து எடுத்து, பாத்திரத்தில் அடைத்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்கினால்தான் அந்த வழக்குக்குச் சாட்சியம். நம்முடைய காகிதம் எதற்கு உதவுமென்றால், அவர்களை நாற்காலியிலிருந்து எழுப்புவதற்கு உதவும். அவர்கள் எடுத்த கணக்கை 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டப்படி 10 ரூபாய் கட்டி நாம் கேட்டு வாங்கலாம். வேலூர் ஜில்லாப் பொதுமக்கள் சங்கம் தோல் ஆலைக் கழிவைப்பற்றிப் போட்ட வழக்கில், கெடுத்தவனே செலவு கொடுக்கவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னதும், அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்லவேண்டி வந்ததும், யாரோ விடாமல் அளந்துகொண்டேயிருந்ததனால்தான். நடுவில் போன வருஷங்கள் 28 என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

என் நேரம் ஆகிவிட்டது. கடைசியாய் ஒரு காரியம். பரிசோதனைச்சாலையில் கேட்டு 12 ஊற்றுக்கும் கிணற்றுக்கும் போதுமான பாட்டில்கள் ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறேன். அந்த மரத்தடியில் இருக்கின்றன. சிவப்பு மூடியில் திராவகம் இருக்கிறது, பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். ஊருக்கு ஒரு வாலிபரும் ஒரு பெண்ணுமாய் இப்பொழுதே பெயர் கொடுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெய்யிலுக்குமுன் முடித்துக்கொண்டு, பத்து மணிக் காரில் நான் கீழே இறங்கிவிடலாம். முதல் பாட்டில், இன்று காலை எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்த அம்மாளின் ஊற்று.